எந்தக் கை நீண்டது?

கொல்கத்தாவில் பல குடும்பங்கள் குழந்தைக்கு முதல் சோறு ஊட்ட காளிகாட் கோயிலுக்கு வருகின்றன. 'முகே பாத்' என்பது அந்தச் சடங்கின் பெயர். ஆறாம் மாதத்தையொட்டி நடக்கும். பட்டு உடுத்தி, நெட்டியில் செய்த 'டோபோர்' என்னும் கூம்புக் கிரீடம் சூட்டி, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துப் பாயசம் ஊட்டுவார்கள். பிறகு குழந்தையின் முன்னால் ஒரு தட்டு வரும். அதில் மண், புத்தகம், பேனா, பொன் எல்லாம் இருக்கும். குழந்தை எதைத் தொடுகிறதோ அதுதான் அதன் எதிர்காலம் என்று சுற்றி நிற்பவர்கள் ஆர்ப்பரிப்பார்கள்.

குழந்தைகளின் அசைவைப் படித்த இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் நின்றால், அவர் கண் வேறு சிலவற்றைத் தேடும். கிரீடத்தோடு தலை ஆடாமல் நிற்கிறதா? தட்டை நோக்கி இரண்டு கைகளும் நீள்கின்றனவா, எப்போதும் ஒரே கைதான் நீள்கிறதா? பிடிக்கப் போகும்போது விரல்கள் மலர்கின்றனவா, முஷ்டியாகவே இருக்கின்றனவா? அந்த ஒரு நிமிடத்தில் குழந்தையின் மூளையும் தசையும் தம்மைப் பற்றி நிறையச் சொல்லிவிடுகின்றன.

காளிகாட்டை ஒட்டிய லேக் மார்க்கெட் பகுதியில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கேயும் மதுரையிலும் கேட்பது ஒரே பேச்சுதான். "எதிர்வீட்டுப் பிள்ளை எட்டு மாசத்துல தவழ்ந்துடுச்சு, நம்ம பிள்ளை இன்னும் தவழலையே" என்று தாய் கலங்குவாள். "உன் புருஷனே ஒன்றரை வயசுலதான் நடந்தான், சும்மா இரு" என்று பாட்டி அடக்குவார். இரண்டு பேச்சும் அன்பிலிருந்து வருபவைதாம். ஆனால் சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்பதை இரண்டை வைத்தும் முடிவு செய்ய முடியாது.

மாதக் கணக்கு எவ்வளவு நெகிழும்?

நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பருவங்களாகவே பிரித்தார்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை: கைகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் பருவம். ஒன்பதாம் மாதம் சப்பாணி: உட்கார்ந்து கை கொட்டும் பருவம். பதின்மூன்றாம் மாதம் வருகை: நடந்து வரும்படி அழைக்கும் பருவம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டது. புலவர்கள் ஒரு மாதத்தைக் குறித்த இடத்தில், அந்த ஆய்வு ஒரு காலப் பரப்பைக் காட்டியது. பிடிமானமின்றி உட்கார்வது 3.8 முதல் 9.2 மாதங்களுக்குள். தனியே நடப்பது 8.2 முதல் 17.6 மாதங்களுக்குள். நலமான குழந்தைகள் இருவருக்கிடையே நடையில் ஒன்பது மாத இடைவெளிகூட இருக்கலாம். 4.3 சதவீதக் குழந்தைகள் கைகால் ஊன்றித் தவழவே இல்லை.

குறைமாதக் குழந்தைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தையை ஆறாம் மாதத்தில் நான்கு மாதக் குழந்தையோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டு வயது வரை இப்படித் திருத்திய வயதையே கொள்வார்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

எத்தனை மாதம் தாமதம் என்பதைவிட, குழந்தை எப்படி அசைகிறது என்பதுதான் அதிகம் சொல்லும். நான்கு மாதம் கடந்தும் தலை நிற்காமை, கை முஷ்டியாகவே மூடியிருப்பது. ஒன்பது மாதமாகியும் தனியே உட்காராமை. கால்கள் விறைத்திருப்பது, அல்லது உடம்பு துணிபோல் துவள்வது. பதினெட்டு மாதமாகியும் நடக்காமை. இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போய்விட வேண்டும். ஒரு வயதுக்கு முன்பே எதற்கும் ஒரே கையை நீட்டும் குழந்தையை 'இடதுகைப் பழக்கம்' என்று ரசித்து விட்டுவிடக் கூடாது. கைப்பழக்கம் நிலைபெறும் வயது அது இல்லை. நீளாத கையின் பக்கம் பலவீனம் இருக்கலாம். ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைக் குழந்தை இழந்துவிட்டால், எந்த வயதானாலும் அது அவசரம்.

தாமதம் எல்லாவற்றுக்கும் பயிற்சி மட்டுமே மருந்தாகிவிடாது. தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் டி அல்லது பி12 பற்றாக்குறை ஆகியவையும் தசையைத் தளர்த்தும். அவற்றுக்கு மருந்து உண்டு. நடை தாமதமாகும் ஆண் குழந்தைக்கு 'சிகே' என்ற எளிய ரத்தப் பரிசோதனை, தசைச் சிதைவு நோயை முன்கூட்டியே காட்டக்கூடும். அதனால் முதலில் காரணம் தேட வேண்டும். காரணம் தெரியும் வரை பயிற்சியை நிறுத்தி வைக்கவும் தேவையில்லை. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாமல், இரு பக்கமும் சமமாக அசைந்து, வாரத்துக்கு வாரம் புதிதாக ஏதாவது கற்றுக்கொண்டே ஒரு திறனில் மட்டும் பின்தங்கும் குழந்தைக்கு, பெரும்பாலும் தரை விளையாட்டும் சில வாரங்களில் ஒரு மறுபரிசோதனையும் போதும்.

ஆறு மாதத்துக்கு முன்பே

இத்தகைய அறிகுறிகளுக்குப் பின்னால் இருக்கக்கூடிய மூளை முடக்குவாதத்தை (செரிப்ரல் பால்சி) ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் கண்டறிவதுதான் நெடுங்கால வழக்கம். திருத்திய வயதில் ஆறு மாதம் ஆவதற்கு முன்பே கண்டறிய முடியும் என்று 2017இல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று வழிகாட்டியது. அதற்கு உதவும் முறைகளில் ஒன்று, நரம்பியல் ஆய்வாளர் ஹைன்ஸ் பிரெக்டல் வகுத்தது. மூன்று முதல் ஐந்து மாதக் குழந்தை விழித்தபடி, அழாமல் மல்லாந்து கிடக்கும்போது கழுத்தும் உடலும் கைகால்களும் சின்னச் சின்னதாகத் துறுதுறுவென்று அசைந்துகொண்டே இருக்கும். சில நிமிட வீடியோவில், பயிற்சி பெற்ற கண் அதைப் பார்க்கும். அந்தத் துறுதுறுப்பு இல்லாதது வலுவான எச்சரிக்கை.

இந்த அறிவை மருத்துவமனைக்கு வெளியே கொண்டுபோகும் முயற்சி ஒன்று மேற்கு வங்கத்தில் நடந்திருக்கிறது. காளிகாட்டிலிருந்து சில கிலோமீட்டரில், தாராதலா சாலையில் உள்ளது இந்திய மூளை முடக்குவாத நிறுவனம். 1974இல் சுதா கவுல் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இந்நிறுவனம் 'லீப்-சிபி' என்ற ஆய்வில் இறங்கியது. அந்தந்தப் பகுதிப் பணியாளர்கள் பயிற்சி பெற்று வீடு வீடாகப் போய், பாதிப்பு வாய்ப்புள்ள குழந்தைகளின் தாய்மாருக்கு அன்றாட வேலைகளுக்கு நடுவிலேயே பயிற்சி தரக் கற்றுக்கொடுத்தார்கள்.

பயிற்சி என்றதும் கைகாலைப் பிடித்து நீவிவிடுவதுதான் நினைவுக்கு வருகிறது. வங்கத்துக் கடுகெண்ணெயும் நம் தேங்காயெண்ணெயும் குழந்தைக்குத் தாயின் தொடுதலைத் தரும். ஆனால் மூளை கற்பது, குழந்தை தானே முயலும்போதுதான். குப்புறப் போட்டு, எட்டியும் எட்டாத தூரத்தில் கிலுகிலுப்பையை வைத்துக் காத்திருங்கள். அந்த முயற்சியே பயிற்சி. நம் மர நடைவண்டி நல்ல பொருள். குழந்தை தன் எடையைத் தானே தாங்கி அதைத் தள்ள வேண்டும். உள்ளே உட்கார வைக்கும் சக்கர வாக்கர் அந்த உழைப்பைப் பறித்துவிடும், விபத்தும் தரும். கனடா அதை 2004இல் தடையே செய்துவிட்டது.

2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ், மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டன. ஐயம் வந்தால் அங்கே கேட்கலாம். பரிசோதனைக்குப் போவது குழந்தைக்குப் பட்டம் கட்டுவதாகாது. ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நிம்மதியோடு திரும்பலாம். தேவையிருந்தால், மூளை மிக வேகமாக வளரும் மாதங்கள் வீணாகாமல் கைக்கு வரும்.

அடுத்த முறை ஒரு குழந்தையின் முன்னால் தட்டு நீளும்போது, பொன்னா புத்தகமா என்று மகிழ்ந்து கொள்ளுங்கள். அப்படியே அதே தட்டை மெல்ல மற்றப் பக்கத்துக்கும் நகர்த்திப் பாருங்கள். இன்னொரு கையும் நீளட்டும்.