குலவரலாறும் குருதிச் சான்றும்

தம் முன்னோர் யாவர், அவர் எங்கிருந்து வந்தனர் என அறிய விழைதல் மாந்தர்க்கு இயல்பு. முற்காலத்தில் இவ்விழைவைத் தீர்த்து வைத்தோர் குலமரபு பாடிய புலவரும் ஏடு காத்த முதியோருமே. இக்காலத்தில் அப்பணியைத் தாம் ஏற்பதாகக் கூறும் வணிக நிலையங்கள் பல தோன்றியுள்ளன. சிறு குழாயொன்றில் உமிழ்நீரை இட்டு அஞ்சலில் அனுப்பினாற் போதும். சில கிழமைகளில் நம் மூதாதையரின் தேசமும் இனமும் நூற்றுவீதக் கணக்கிலே வந்து சேரும். கற்றோரிடையேயும் இக்கணக்கை அப்படியே நம்புவோரை நான் காண்கின்றேன். டி.என்.ஏ. சோதனை பொய்யன்று. ஆயின், அது சொல்ல வல்லது எது, சொல்ல மாட்டாதது எது எனப் பகுத்தறிதல் வேண்டும். இதனை விளக்க ஓர் அரசனின் எலும்புக்கூட்டைத் துணைக்கொள்கின்றேன்.

சேக்ஸ்பியரின் நாடகங்களைக் கற்றோர் மூன்றாம் றிச்சட் மன்னனை மறந்திரார். இங்கிலாந்தை ஆண்ட அவன், 1485 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22 ஆம் நாள் பொஸ்வேர்த் போர்க்களத்தில், தன் 32 ஆவது வயதில் மடிந்தான். லெஸ்டர் நகரத்துத் துறவிமடமொன்றின் கோயிலில் அவன் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. 1538 இல் அம்மடம் மூடப்பட்டது. காலப்போக்கிற் கல்லறையும் மறைந்தது. 2012 இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தார் அந்நகரின் வாகனத் தரிப்பிடமொன்றை அகழ்ந்தபோது, வளைந்த முள்ளந்தண்டும் தலையிற் படுகாயங்களும் கொண்ட எலும்புக்கூடு ஒன்று வெளிப்பட்டது. அது அரசனுடையதுதானா?

நம் உடற்கலங்களிலுள்ள இழைமணிகளின் டி.என்.ஏ. தாயிடமிருந்தே பிள்ளைக்கு வருவது. அரசனுக்கும் அவன் தமக்கை ஆனுக்கும் தாய் ஒருத்தியே. எனவே, ஆனின் மகள், அம்மகளின் மகள் என இடையறாது தொடர்ந்த பெண்வழியில் வந்து இன்று வாழும் இருவரைப் பழைய ஆவணங்களின் துணையாற் கண்டறிந்தனர். அவருள் ஒருவரின் இழைமணி டி.என்.ஏ. எலும்புக்கூட்டினதோடு முற்றும் ஒத்தது. மற்றவரினது ஓரிடத்தில் மட்டும் வேறுபட்டது. ஐந்து நூற்றாண்டு கடந்தும் அழியாத சான்று இது. எனினும் ஒன்றை நோக்குக. அவ்வெலும்பு தன் பெயரைக் கூறவில்லை. இவ்விருவரும் தானும் ஒரு பெண்வழியினர் என்பதற்கு இடமளித்தது, அவ்வளவே. பெயரைத் தந்தவை மடத்தின் வரலாறு, எலும்பின் காலக்கணிப்பு, காயங்களின் இயல்பு, பரம்பரை ஆவணங்கள் ஆகியவை. இவையின்றி அது பெயரற்ற எலும்பாகவே கிடந்திருக்கும்.

கதை இதனோடு முடியவில்லை. வை நிறமூர்த்தம் தந்தையிடமிருந்து மகனுக்கே செல்வது. றிச்சட்டின் முன்னோனான மூன்றாம் எட்வேட் மன்னனின் ஆண்வழியில் வந்தோரென ஆவணங்கள் கூறும் ஐவரையும் சோதித்தனர். ஐவரில் ஒருவரது நிறமூர்த்தமேனும் அரசனுடையதோடு ஒத்ததில்லை; அவருள்ளும் ஒருவர் ஏனைய நால்வரின் வேறாயினார். ஏட்டிலே தந்தை எனப்பட்டவர் குருதியிலே தந்தையல்லாதிருந்த இடங்கள் அந்நெடுஞ் சங்கிலியில் உண்டு என்பது இதனாற் பெறப்படும். அரசனுக்கும் எட்வேட்டுக்கும் இடையில் முறிவு நேர்ந்ததெனின் அரியணை உரிமையே ஐயத்துக்குள்ளாகும் எனச் சிலர் பரபரப்புற்றனர். ஆயின், அம்முறிவு எத்தலைமுறையில் நேர்ந்தது, உண்மைத் தந்தை யார் என்பவற்றை 2014 இல் வெளியான அவ்வாய்வு கூறவில்லை, கூறவும் இயலாது. ஏட்டின் பிழையைக் குருதி காட்டிற்று. திருத்தத்தை எழுத அதனால் முடியவில்லை.

இனி, இவ்விரு வழிகளும் முன்னோர் தொகையில் எத்துணைப் பங்கு எனக் காண்போம். பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டிமார் நால்வர், பூட்டன் பூட்டிமார் எண்மர். இவ்வாறு பத்தாந் தலைமுறையில் 1,024 பேர் ஆகின்றனர். தாயின் தாய் என ஏறும் வழி அவருள் ஒருத்தியையே தொடும். தந்தையின் தந்தை என ஏறும் வழி ஒருவனையே தொடும். எஞ்சிய 1,022 பேர்?

அவர்களைத் தேட ஏனைய 22 சோடி நிறமூர்த்தங்களை நாடவேண்டும். அவை தலைமுறைதோறும் வெட்டிக் கலக்கப்பட்டு, பாதியளவே பிள்ளைக்குச் செல்கின்றன. முன்னோர் தொகை ஒவ்வொரு படியிலும் இரட்டிக்க, வெட்டுண்ட துண்டுகளின் தொகையோ மெல்லவே பெருகுகின்றது. எனவே பத்தாந் தலைமுறை முன்னோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் தம் டி.என்.ஏ.யில் ஒரு துண்டையும் நமக்கு விட்டுச் சென்றாரல்லர். இன்னும் ஐந்து தலைமுறை ஏறினால், சுவடு விட்டோர் நூற்றுக்கு மூவர் அளவே. அவர் இன்றேல் நாம் பிறந்திரோம். எனினும் எச்சோதனையும் அவரை நம் உடலிற் காணாது.

முப்பதாந் தலைமுறையில் இக்கணக்கு 107 கோடியைத் தாண்டும். அக்காலத்து உலகிலோ ஐம்பது கோடி மக்களும் இருந்தாரல்லர். ஆகவே ஒருவரே பல வழிகளில் நமக்கு முன்னோராகின்றனர். மச்சானும் மச்சாளும் மணக்கும் வழக்குடைய நமக்கு இது புதிதன்று. உடன்பிறந்தாரின் மக்கள் மணந்தால், அவர் பிள்ளைக்குப் பூட்டன் பூட்டிமார் எண்மரல்லர், அறுவரே. இத்தகைய மணங்கள் பல தலைமுறை தொடர்ந்த ஊர்களில், தூரத்து உறவினரும் சோதனையில் நெருங்கிய உறவினர் போலத் தோன்றுவர்.

தேசத்தையும் இனத்தையும் கூறும் நூற்றுவீதங்களோ இன்னும் நொய்ந்தவை. அவை முன்னோரின் எலும்புகளோடு ஒப்பிட்டுப் பெறப்பட்டவையல்ல. பெரும்பாலும் இன்று வாழ்வோரின் மாதிரிகளோடு ஒப்பிட்டுக் கணித்தவை. மாதிரித் தொகுதி மாறினால் விடையும் மாறும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர்க்கும் வெவ்வேறு கணக்கு வரும். இதனைக்கொண்டு தன் இனத்தின் தூய்மையை நிறுவ முயல்வோன் மணலிற் கோட்டை கட்டுகின்றான்.

அங்ஙனமாயின் இச்சோதனை வீணோ என மாணவர் வினவலாம். வீணன்று. பெற்றார், பிள்ளை, உடன்பிறந்தார் ஆகிய அண்மை உறவுகளை அது ஐயமற நிறுவ வல்லது. பிரிந்த பிள்ளையைத் தாயோடு சேர்க்கவும், காணாமற்போனோரின் எலும்புகளை உரியவரிடம் ஒப்படைக்கவும் இதனினும் சிறந்த கருவி நம்மிடம் இல்லை. அதன் ஒளி அருகே பிரகாசமானது, தொலைவிலே மங்குவது.

அத்தொலைவை ஓரளவேனும் காட்ட வல்லவை ஏடுகளே. ஒல்லாந்தர் எழுதுவித்த தோம்புகளிற் காணியும் குடும்பமும் பதிவாகியுள்ளன. காணி உறுதிகளும் கோயிற் கணக்குகளும் நம் வீட்டுப் பெட்டகங்களிற் செல்லரிக்கின்றன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சாம்பலான ஏடுகளை எந்த ஆய்வுகூடமும் மீட்டுத் தாராது. ஆசிரியர்களே, உங்கள் மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டன் பாட்டியாரிடம் சென்று அவர் அறிந்த பெயர்களையும் ஊர்களையும் கேட்டு எழுதிவரப் பணியுங்கள். அம்முதியோர் இருக்கும்போதே அது நிகழவேண்டும்.