கண்ணாடித் தண்ணீரில் இறங்குவது

காலாங் பேசினில் நான் பதினேழு முறை மூழ்கியிருக்கிறேன். எண்ணியது நானல்ல, சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வரும் அக்கா மகன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்தபடி, "மாமா, மறுபடியும் முங்கிட்டீங்க" என்று சொல்லித் தாளில் ஒரு கோடு போடுவான்.

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் எனக்குப் புதிதல்ல. சாங்கி ஓடுபாதையில் பெரிய விமானங்களைக்கூடச் சுமாராக இறக்கிவிடுவேன். 2022ல் வந்த அதன் 40ஆம் ஆண்டுப் பதிப்பில் 'பீவர்' இருந்தது. 1947ல் முதன்முதலாகப் பறந்த கனடா நாட்டு விமானம். ஒற்றை எஞ்சின், சக்கரங்களுக்குப் பதில் இரண்டு நீண்ட மிதவைகள். அதைப் பார்த்ததும் காலாங்கில் இறக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. 1937ல் திறக்கப்பட்ட காலாங் விமான நிலையம் தரைக்கும் நீருக்கும் பொதுவானது. சிட்னிக்கும் இங்கிலாந்தின் சவுத்ஹேம்டனுக்கும் இடையே 1938ல் பறக்கத் தொடங்கிய பறக்கும் படகுகள் சிங்கப்பூர் வழியாகத்தான் போய்வந்தன.

சுலபமாக இருக்கட்டும் என்று காற்றே இல்லாத வானிலையைத் தேர்ந்தெடுத்தேன். அதுதான் நான் செய்த முதல் தவறு.

ஓடுபாதை நம்மோடு பேசும். அதன் விளிம்புகள் விரிவதைப் பார்த்தே எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று கண் கணக்குப் போட்டுவிடும். அலையில்லாத நீரில் அப்படி எதுவும் கிடையாது. வானம்தான் அதில் தெரியும். ஐந்து அடி உயரமா, ஐம்பது அடியா என்று தெரியாது. நிஜ விமானிகளுக்கும் இதே நிலைதான். நீர் வந்துவிட்டது என்று நினைத்து உயரத்திலேயே மூக்கைத் தூக்கினால், வேகம் குறைந்து விமானம் கல்லாக விழும். இன்னும் வரவில்லை என்று நினைத்தால், அப்படியே நீரில் முட்டும். அனுபவசாலிகளின் உயிரையே வாங்கியிருக்கிறது இந்தக் 'கண்ணாடி நீர்'.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் மிதவை விமானிகளுக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது. அது சொல்லும் வழி வேடிக்கையானது: நீரைத் தேடாதே. மூக்கைச் சற்றே தூக்கி அப்படியே பிடித்துக்கொள். எஞ்சின் விசையைக் கொண்டு, நிமிடத்துக்கு 150 அடிக்கு மேல் போகாமல் மெதுவாக இறங்கு. மிதவை தொடும்வரை எதையும் மாற்றாதே.

படித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. என் கணினித் திரை தட்டையானது. அலை அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அதில் ஆழம் தெரியப் போவதில்லை. விமானம் கீழே போவதை இருக்கையும் உணர்த்தாது. நிஜ விமானி எப்போதாவது சந்திக்கும் கண்ணாடி நீர், சிமுலேட்டரில் ஓட்டுகிறவனுக்கு எல்லா நாளும்தான்.

ஆனால் காலாங்கில் இது நடக்காது. 200 அடி உயரத்திலிருந்து இந்த வேகத்தில் இறங்க 80 விநாடி ஆகும். மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் ஓடிவிடும். பேசின் முடிந்து கரையே வந்துவிடும். அதனால் சிலேத்தாருக்கு மாறினேன். பிரிட்டிஷ் விமானப்படையின் சண்டர்லேண்ட் பறக்கும் படகுகள் 1959 வரை ஜோகூர் நீரிணையில் அங்குதான் இறங்கின. அந்தக் காலத்துப் பறக்கும் படகுத் தளங்களில், நீர் அசையாமல் கிடந்தால் மோட்டார் படகை ஓட்டிச் சிற்றலை எழுப்பிவிடுவார்களாம். எனக்குப் படகோட்ட ஆளில்லை. கரையை ஒட்டிப் பறந்து, பக்கவாட்டில் தெரியும் மரங்களை வைத்து உயரத்தைக் கணித்துக்கொண்டேன்.

கை சும்மா இருப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். முதல் முறை கடைசி நொடியில் பொறுமையிழந்து இழுத்தேன், விமானம் எழும்பி விழுந்தது. அடுத்த முறை மூக்கு தாழ்ந்திருந்தது. தொட்ட பிறகு டால்ஃபின் மாதிரி முன்னும் பின்னுமாகத் துள்ளத் தொடங்கியது. ஒவ்வொரு துள்ளலும் முந்தியதைவிடப் பெரிது, நான்காவதில் கவிழ்ந்தோம். மிதவை விமானிகள் மிகவும் பயப்படும் ஆட்டம் அது.

"பத்தொன்பது" என்றான் பையன்.

மூன்றாவது முறை, இறங்கும் வேகத்தைக் காட்டும் முள்ளை மட்டும் பார்த்தேன். நூறுக்கும் இருநூறுக்கும் நடுவில் நின்றது. மரங்கள் மெல்ல உயர்ந்தன. கை இழுக்கத் துடித்தது, இழுக்கவில்லை. சர்ரென்று ஒரு சத்தம், பின்னால் வெள்ளை நுரை. விசையைக் குறைத்து, கட்டுப்பாட்டுத் தண்டை மெதுவாக என் பக்கம் இழுத்தேன். மிதவைகள் நீரில் அமர்ந்தன.

"மாமா, இறங்கிட்டோமா?"

"இறங்கி அஞ்சு செகண்டு ஆச்சுடா."

அவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். அப்படியே படகுத்துறையில் கொண்டுபோய் நிறுத்தலாம் என்று கரையை நோக்கித் திருப்பினேன். மிதவை விமானத்துக்கு பிரேக் கிடையாது, எஞ்சின் ஓடும்வரை அது நகர்ந்துகொண்டேதான் இருக்கும் என்பது துறையை இடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

பையன் பென்சிலை மறுபடி எடுத்தான்.