போல்ட்டுக்குள் ஒளிந்திருந்த சரக்கு

அரிசி, பருப்பு பற்றியே எழுதிவரும் நாம் இந்த இதழில் இரும்பைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் புதுவையில் உள்ள நம் கிடங்கில், மூட்டை அடுக்க இரும்புப் பரண் அமைத்தோம். "விலை கூடினாலும் பரவாயில்லை, இருப்பதிலேயே பலமான போல்ட்டாகப் போடு" என்று ஃபிட்டரிடம் சொன்னோம். தலையில் 12.9 என்று பொறித்த, துத்தநாக முலாம் பூசிய போல்ட்டுகள் பளபளவென்று வந்தன. சனிக்கிழமை மாலை முறுக்கிப் பூட்டினார்கள். திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தால் இரண்டு போல்ட்டின் தலைகள் தரையில் கிடந்தன! பரணில் ஒரு மூட்டைகூட ஏற்றவில்லை. ஏற்றியிருந்து, கீழே ஆளும் நின்றிருந்தால்? நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

பொறியியல் படிக்கும் நம் தம்பி மகன் அவற்றைக் கல்லூரி ஆய்வகத்துக்கு எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "பெரியப்பா, பலம் கம்மியா இருந்து உடையல. பலம் ஜாஸ்தியா இருந்ததாலதான் உடைஞ்சிருக்கு" என்றான். உடைந்த முகம் கற்கண்டை உடைத்தது போல மணிமணியாக இருந்ததாம். அதற்குக் காரணம் ஹைட்ரஜன்.

முலாம் பூசும் முன் எஃகை அமிலத்தில் கழுவுகிறார்கள். பிறகு மின்சாரம் பாய்ச்சிப் பூசுகிறார்கள். இரண்டு வேலையிலும் ஹைட்ரஜன் உண்டாகிறது. அணுக்களிலேயே மிகச் சிறியதான அது, அரிசி மூட்டைக்குள் போட்ட கடுகு போல எஃகின் இடுக்குகளில் இறங்கிவிடுகிறது. இழுவிசை எங்கே அதிகமோ அங்கே போய்ச் சேர்ந்து, ஓரிரு நாளில் உள்ளிருந்தே பிளக்கிறது. ஒரு டன் எஃகில் சில கிராம் இருந்தாலே போதும். சாதாரண இரும்பு வளைந்து கொடுத்துத் தப்பிக்கும். மிகக் கடினமான எஃகு தப்பாது.

இது 1875லேயே ஜான்சன் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்துச் சொன்ன விஷயம். அமிலத்தில் நனைந்த இரும்புக் கம்பி எளிதில் உடைவதையும், உடைந்த இடத்தை ஈரமாக்கினால் நுரை வருவதையும், கொஞ்ச காலம் சும்மா வைத்திருந்தால் கம்பிக்குப் பலம் திரும்புவதையும் அவர் கண்டார். திருடன் தானாகவே வெளியேறிவிடுகிறான். அதனால்தான் பிடிப்பது கடினம்.

மொத்த இருப்பு எவ்வளவு என்பது ஒரு கணக்கு. எந்தக் கிடங்கில் எவ்வளவு என்பது வேறு கணக்கு. எஃகைச் சிறிது சிறிதாகச் சூடேற்றி வெளிவரும் ஹைட்ரஜனை அளந்தால் முதல் கணக்கு கிடைக்கும். குறைந்த சூட்டில் வருவது லேசாக ஒட்டியிருந்தது, அதிகச் சூட்டில் வருவது இறுகப் பிடிபட்டிருந்தது என்பதும் தெரியும். இடத்தைக் காட்ட ஒரு பழைய வழி, போட்டோ பிலிமில் உள்ள வெள்ளி உப்பை எஃகின்மேல் பூசுவது. ஹைட்ரஜன் வெளியேறும் இடத்தில் வெள்ளி மணிகள் படியும்.

அணு அணுவாகவே பார்க்கும் கருவியும் உண்டு. எஃகை ஊசிமுனையாக்கி, அதன் அணுக்களை ஒவ்வொன்றாகப் பறக்கவிட்டு, எது எங்கிருந்தது என்று வரைபடம் போடுகிறது. இத்தகைய கருவி கொண்ட தேசிய மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறது, மற்ற நிறுவனங்களும் தொலைவிலிருந்தே அதை இயக்கலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. கருவிக்குள்ளேயே ஹைட்ரஜன் மிச்சமிருக்கும். அதனால் இரட்டை எடையுள்ள கன ஹைட்ரஜனை அடையாளச் சரக்காக ஏற்றி, அது ஓடிவிடாமல் கடுங்குளிரில் உறைய வைக்கிறார்கள். 2020இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிச் செய்து, எஃகு மணிகளின் எல்லைகளிலும், உள்ளே அணுவரிசை பிசகிய கோடுகளிலும், நியோபியம் கார்பைடு துகள்களின் ஓரத்திலும் அது தங்குவதைக் காட்டினார்கள். அத்தகைய நுண்துகள்களை எஃகில் கலந்தால் ஹைட்ரஜனை அங்கேயே கட்டிப்போடலாம் என்ற நம்பிக்கை வலுத்திருக்கிறது.

இது சிறு கடைக்காரர் பிரச்சினை மட்டுமல்ல. 2013இல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ புதுப் பாலத்தில், இறுக்கிய 96 பெரிய எஃகுத் தண்டுகளில் 32 சில நாட்களில் உடைந்தன. காரணம் இதே ஹைட்ரஜன்தான். 2023இல் நம் அரசு பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒப்புதல் தந்திருக்கிறது. நாளை அந்த வாயுவைச் சுமக்கப்போகும் குழாய்க்கும் தொட்டிக்கும் இந்த ஆராய்ச்சி உயிர்நாடி.

நாம் கவனிக்க வேண்டியவை இவை. பரணுக்கு 8.8 ரக போல்ட் போதும். 12.9 தேவையென்றால் முலாம் பூசாத, எண்ணெய் தடவிய கறுப்பு போல்ட்டாக வாங்குங்கள். முலாம் பூசியதுதான் வேண்டுமென்றால், பூசிய சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வாட்டினார்களா என்று கேளுங்கள். பூட்டிய பின் இரண்டு நாள் சுமை ஏற்றாமல் விட்டுப் பாருங்கள். ஷட்டர் ஸ்பிரிங்கில் பிடித்த துருவை அமிலம் ஊற்றிக் கழுவாதீர்கள். நம் ஊர்க் கடற்காற்றில் பிடிக்கும் துருவாலும் கடின எஃகுக்குள் ஹைட்ரஜன் ஏறும். துருப்பிடித்த போல்ட்டை உடனே மாற்றுங்கள்.

சரக்கு வாங்கும்போது மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? பளபளப்பைப் பார்த்து போல்ட் வாங்கி நாம் ஏமாந்தோம். நீங்கள் கேட்டு வாங்குங்கள்.