வாடைக்காற்றில் மிதிவண்டிப் பயிற்சி

ஓர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர் நம் முன்னோர். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம்; ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்; மார்கழியும் தையும் முன்பனி. மேலைநாட்டார் இலையுதிர்காலம் என்று வழங்கும் நாள்களில் நம் நாட்டு மரங்கள் இலை உதிர்ப்பதில்லை. மாறாக, வானம் மழை பொழிகின்றது; வடக்கிலிருந்து வாடை வீசுகின்றது. தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் பெயரிட்டழைத்த தமிழர், வடகாற்றுக்கு மட்டும் தனியானதோர் அச்சத்தையும் சேர்த்தே பெயரிட்டனர் போலும்! வாடை என்றதும் உடல் நடுங்குகின்றது. போர்வையை இழுத்து மூடிக்கொள்ளவே மனம் விழைகின்றது.

அத்தகைய வாடை வீசும் விடியற்காலையில், நண்பர் சிலர் ஒன்றுகூடி மிதிவண்டியில் நெடுந்தொலைவு சென்று பயிலுவது எவ்வாறு, அதில் அறியத்தக்க செய்திகள் யாவை என்பதையே இன்று உங்களுடன் பேச எண்ணுகிறேன்.

நான் வாழும் ஊர் ஆரணி. கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த இவ்வூர் பட்டு நெசவுக்கும் அரிசிக்கும் பெயர் பெற்றது. நானும் என் நண்பர்கள் எழுவரும் ஐப்பசி முதல் தை வரை, வாரத்தில் மூன்று நாள் விடியுமுன் புறப்பட்டுப் பயிற்சி செய்து வருகிறோம். எங்களுள் ஆசிரியர் ஒருவர், அரிசி ஆலைக் கணக்கர் ஒருவர், கல்லூரி மாணவர் மூவர், கடை வைத்திருப்போர் இருவர், பட்டு நெசவாளர் ஒருவர் உளர். 200 கிலோமீட்டர் தொலைவைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் கடப்பதே எங்கள் குறிக்கோள்.

இக்குறிக்கோள் நாங்களாக வகுத்ததன்று. 1897-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு மிதிவண்டியாளர் சிலர் உரோமாபுரியிலிருந்து நேப்பிள்சு வரை ஏறத்தாழ 230 கிலோமீட்டர் தொலைவை ஒரே பகற்பொழுதில் கடந்தனர். ‘துணிவுடையோர்’ எனப் பொருள்படும் ‘ஆடாக்ஸ்’ என்ற இலத்தீன் சொல் அவர்களுக்குப் பெயராயிற்று. 1904-இல் அம்முறை பிரான்சு நாட்டிற் பரவியது. இன்று உலகின் பல நாடுகளில், தமிழகம் உட்பட, 200, 300, 400, 600 கிலோமீட்டர்ப் பயணங்கள் இவ்வழியில் நடைபெறுகின்றன. இவற்றுள் முதலிடம், இரண்டாமிடம் என்பன இல்லை. குறித்த நேரத்துள் முடித்தவர் அனைவரும் வென்றவரே. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணிக்குப் பகுத்தால், மணிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவே வருகின்றது. உண்ணவும் இளைப்பாறவும் ஆகும் நேரமும் அதனுள் அடங்கும். ஆதலின் இங்கு வேண்டப்படுவது விரைவன்று. நாள் முழுதும் தளராத சீரான இயக்கமே.

இனி, வாடை எவ்வாறு நம்மைத் தடுக்கின்றது என்று பார்ப்போம். சமநிலத்தில் மிதிவண்டி செல்லும்போது நம் ஆற்றலிற் பெரும்பகுதி காற்றைப் பிளந்து செல்வதிலேயே கழிகின்றது. விரைவு இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதனை வெல்லச் செலவிடும் திறனோ எட்டு மடங்காகும். நாம் மணிக்கு 20 கிலோமீட்டர் விரைவிற் செல்வதாகக் கொள்வோம். எதிரே வாடை 10 கிலோமீட்டர் விரைவில் வீசினால், நம்மீது மோதும் காற்றின் விரைவு 30 ஆகின்றது. அஃதாவது, தடை இரண்டேகால் மடங்காகின்றது. மேலும், குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. 36 பாகை வெப்பமுள்ள கோடைக் காற்றைவிட 18 பாகைக் குளிர்காற்று நூற்றுக்கு ஆறு பங்கு அடர்த்தி கூடியது. கோடையில் எளிதாக ஓடிய அதே வண்டி மார்கழியில் கனப்பதுபோல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தடையை வெல்லத்தான் கூட்டம் துணை செய்கின்றது. முன்னே செல்பவர் காற்றைப் பிளக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் காற்றின் வேகம் குறைந்த ஓரிடம் உண்டாகின்றது. அதனுள் செல்பவருக்கு, நல்ல விரைவில், உழைப்பில் நாலில் ஒரு பங்கோ அதற்கு மேலோ மிச்சமாகும். 2018-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தார், 121 பந்தய வீரர்கள் நெருங்கிச் செல்லும் கூட்டத்தை ஆராய்ந்தனர். அக்கூட்டத்தின் நடுவிலும் பின்னும் செல்வோர்மீது படும் தடை, தனியே செல்வோர்மீது படுவதில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கே என்று கண்டனர். எட்டுப் பேர் கொண்ட எங்கள் கூட்டத்தில் அத்துணைப் பயன் இல்லை. ஆயினும், தனியே சென்றால் திமிரியிலேயே களைத்துவிடும் மாணவர், வரிசையிற் சென்றால் ஆர்க்காடு வரை இளைப்பின்றி வருகிறார்.

ஆனால் முன்னே செல்பவர் எவர்? அவரும் மனிதர்தாமே! ஆகவே முறைவைத்து மாறுகிறோம். ஐந்து நிமிடம் ஒருவர் முன்னின்று காற்றைத் தாங்குவார். பிறகு பின்னால் வண்டி வருகின்றதா எனப் பார்த்துப் பக்கவாட்டில் சிறிதே விலகி, விரைவைக் குறைத்து, வரிசையின் கடைசியிற் சேர்வார். அடுத்தவர் முன்னிற்பார். எட்டுப் பேராயின் நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறையே ஒருவருக்கு அவ்வுழைப்பு வரும். இதில் ஒரு நெறி உண்டு. முன்னிடம் பெற்றவுடன் தம் வலிமையைக் காட்ட எண்ணி விரைதல் ஆகாது. விரைந்தால் வரிசை அறுந்துபோகும். இளைத்தவர் இரண்டு நிமிடம் முன்னின்றால் போதும். மிக இளைத்தவர் நிற்கவே வேண்டா.

வழியைத் தேர்வதிலும் அறிவு வேண்டும். கூதிரிலும் முன்பனியிலும் காற்று வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருவதால், நாங்கள் முதலில் வடக்கு நோக்கித் திமிரி வழியாக ஆர்க்காட்டுக்குச் செல்கிறோம். உடலில் ஆற்றல் நிறைந்திருக்கும்போது எதிர்க்காற்றைச் சந்திக்கிறோம். களைத்துத் திரும்பும்போது அதே வாடை முதுகைத் தள்ளி வீடு சேர்க்கின்றது. இதனை மாற்றி, முதலில் தெற்கே தேவிகாபுரம் நோக்கி மகிழ்ச்சியாகப் பறந்து சென்றவர், திரும்புகையில் அம்மகிழ்ச்சிக்கு விலை கொடுக்க நேரும்.

கூட்டத்தினால் விளையும் நன்மையைச் சொன்னேன். அதன் இடரையும் சொல்லியாக வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் விரைவு என்பது நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை அழுத்துவதற்கு அரை நொடி ஆவதாகக் கொண்டாலும், அதற்குள் வண்டி மூன்றரை மீட்டர் ஓடிவிடும். முன்னவர் திடீரென நின்றால் பின்னவர் மோதுவதை எவராலும் தடுக்க இயலாது. மேலும், பின்னே வருபவருக்கு முன்னவரின் முதுகன்றிச் சாலை தெரிவதில்லை. அவர் தம் கண்களை முன்னவரிடம் ஒப்படைத்துவிட்டார் என்றே கூறலாம்.

இவ்வுண்மையை எங்களுக்கு நன்கு உணர்த்தியவர் எங்கள் கூட்டத்து நெசவாளர். பகலெல்லாம் குழித்தறியில் அமர்ந்து மிதிபலகைகளை மாறிமாறி மிதிப்பவர் ஆதலின், அவருடைய கால்கள் சலிப்பதில்லை. ஆனால் விரல்களைப் பற்றியே அவருக்குக் கவலை. பட்டிழை மிக நுண்ணியது. விரல் நுனியில் சிறு சிராய்ப்பு இருந்தாலும் இழை அதில் பற்றிக்கொள்ளும், துணி பழுதாகும். காயம் ஆறும்வரை தறி நிற்கும். தறி நின்றால் கூலியும் நிற்கும். “அண்ணா, நீங்கள் விழுந்தால் ஒரு வாரம் வலி, நான் விழுந்தால் வீட்டில் ஒரு மாதம் உலை கொதிக்காது” என்று ஒருநாள் அவர் ஆசிரியரிடம் சொன்னார். அவர் வருத்தத்துடன் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோலவே சொன்னார். அன்றுமுதல் எங்கள் கூட்டத்தில் இடைவெளி ஒரு முழு வண்டியின் நீளத்துக்குக் குறைவதில்லை. அவ்வளவு தள்ளிச் சென்றாலும் காற்றின் மறைவு ஓரளவு கிடைக்கத்தான் செய்கின்றது.

கைச்சாடைகளும் அன்றே வழக்கமாயின. பள்ளம் இருக்கும் பக்கத்தை விரல் நீட்டிக் காட்டுதல். நிற்பதற்கு முன் கையை உயர்த்துதல். ஒதுங்க வேண்டுமாயின் முதுகுக்குப் பின்னால் கையை அசைத்தல். முன்னவர் காட்டிய சாடையை ஒவ்வொருவரும் தமக்குப் பின்னவருக்குக் காட்ட வேண்டும். இடையில் ஒருவர் மறந்தால் கடைசியில் வருபவர் குருடராகிறார். சாடை காட்டக் கையை எடுக்க முடியாத இடத்திற் குரல் கொடுக்க வேண்டும். இருட்டில் வாய்ச்சொல்லே வழித்துணை.

எங்கள் வட்டாரச் சாலைகளில் இக்காலத்தில் எதிர்ப்படும் இடர்கள் பல. மழையில் சாலையின் ஓரம் அரிக்கப்பட்டிருக்கும்; தேங்கிய நீர் பள்ளத்தை மறைத்திருக்கும். கரும்பு ஏற்றிய டிராக்டர் பின்விளக்கின்றி மூடுபனியில் நிற்கும். தை பிறந்தால் அறுத்த நெல்லைச் சாலையிற் காயவைப்பர்; நெல்மணிமேல் சக்கரம் ஏறினால் சறுக்கும். ஊரைவிட்டுப் புறப்படும்போதே ஓர் எச்சரிக்கை உண்டு. மழையற்ற விடியலில் நெசவாளர் தெருக்களில் பாவு நீட்டியிருப்பர். ஆயிரக்கணக்கான பட்டிழைகள் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அங்கே வண்டியிலிருந்து இறங்கி, உருட்டிக்கொண்டே ஓரமாக நடந்து செல்கிறோம்.

குளிர் உடலை என்ன செய்கின்றது என்பதையும் அறிதல் நலம். நாம் மிதிக்கும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே வண்டியை இயக்குகின்றது, எஞ்சியது வெப்பமாகின்றது. ஆகவே ஓடும் உடல் ஓர் அடுப்பு. அடுப்பு மூளும்வரைதான் குளிர். முதல் பதினைந்து நிமிடம், தடையின்றிப் பேசிக்கொண்டே செல்லுமளவு மெதுவாக மிதிக்க வேண்டும். குளிர்ந்த முழங்காலின்மேல் எடுத்த எடுப்பிலேயே பாரம் ஏற்றுவது தீது.

கனத்த சட்டை ஒன்றைவிட மெல்லிய சட்டைகள் இரண்டு நன்று. அவற்றிடையே நிற்கும் காற்று வெப்பத்தைக் காக்கும். வெயில் ஏறியதும் ஒன்றைக் கழற்றிவிடலாம். மலைநாடுகளில் பந்தய வீரர்கள் கையாண்ட எளிய முறை ஒன்றுண்டு: செய்தித்தாளை மடித்து மார்புக்கும் சட்டைக்கும் நடுவே வைத்துக்கொள்வது. காற்றைத் தடுக்க அது போதும். கைகளுக்கு உறை இன்றியமையாதது. குளிரில் உடல் தன் வெப்பத்தைக் காக்க விரல்களுக்குச் செல்லும் குருதியைக் குறைத்துவிடுகின்றது; மரத்த விரல்கள் பிரேக்கைப் பிடிக்கத் தாமதிக்கும். குளிரில் தாகம் தோன்றாது. ஆனால் மூச்சிலும் வியர்வையிலும் நீர் குறைந்துகொண்டே இருக்கும். எனவே தாகத்தை எதிர்பாராமல் சிறிது சிறிதாக நீர் பருக வேண்டும். எங்கள் உணவு எங்கள் மண்ணில் விளைவதே: வறுத்த வேர்க்கடலை, வெல்லம், வாழைப்பழம்.

வண்டியைப் பற்றியும் ஒருசில சொற்கள். வெப்பம் குறைந்தால் டயருக்குள் காற்றழுத்தமும் குறையும். ஆதலின் முந்தின நாள் பகலில் நிரப்பிய காற்றை விடியலில் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். நனைந்த சக்கர விளிம்பில் பிரேக் உடனே பற்றாது. மழையில் இடைவெளியை இரு மடங்காக்குக. மட்கார்டு பிறருக்காகப் பூட்டுவது. அஃதில்லாத வண்டி பின்னவர் முகத்தில் சேற்றை வாரி இறைக்கும். முன்னே வெள்ளை விளக்கு, பின்னே செவ்விளக்கு, தலைக்கவசம் ஆகிய மூன்றும் இன்றி இருட்டிற் புறப்படலாகாது. விலையுயர்ந்த வண்டி வேண்டும் என்று எண்ணற்க. பதினோராம் வகுப்பு மாணவர்க்கு அரசு வழங்கும் மிதிவண்டியே பயிற்சியைத் தொடங்கப் போதுமானது.

மேட்டில் மட்டும் இவ்வரிசை முறை பயன்படாது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் செல்லும் ஜவ்வாது மலைப்பாதையில் ஏறும்போது விரைவு குறைகின்றது; காற்றின் தடையும் குறைகின்றது; அங்கே எதிரி நம் எடையே. அவரவர் தம் ஆற்றலுக்கேற்ப ஏறி, மேலே சென்றவர் கீழே வருபவருக்காகக் காத்திருத்தல் வேண்டும். காத்திருக்கும்போது வியர்வை குளிரும். கழற்றிய சட்டையை அப்போதே அணிந்துகொள்க.

மாணவ நண்பர்களே! மிதிவண்டியைக் கூடிப் பயிலுவது நமக்குப் புதிதன்று. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ஆம் ஆண்டு தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் சேர்த்துக் கொண்டு சென்றது. பல்லாயிரம் கிராமப் பெண்கள் ஒருவர்க்கொருவர் பின்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடி, சைக்கிள் கற்றனர். கேலி பேசியோரும் இருந்தனர். தனியே கற்க முயன்றிருந்தால் அக்கேலிக்கு அஞ்சிப் பலர் நின்றிருப்பர். கூடிக் கற்றதனால் சாலை அவர்களுடையதாயிற்று.

எங்கள் கூட்டத்திற்கு எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. புறப்பட்ட எண்மரும் திரும்ப வேண்டும். எவரையும் வழியில் விட்டு வருவதில்லை. ஒருவர் டயரில் பஞ்சர் ஆனால் எழுவரும் இறங்குவர். ஆலைக் கணக்கருக்கு எட்டரை மணிக்கு வேலை. நெசவாளருக்கு அதற்கு முன்பே. ஆகவே தாமதமானால் அன்றைய தொலைவைக் குறைத்துக்கொள்கிறோம், ஆளைக் குறைப்பதில்லை.

நீங்களும் வரும் ஐப்பசியில் நால்வர் ஐவராகச் சேர்ந்து, முதல் நாள் பத்துக் கிலோமீட்டர், பின்னர் இருபது எனத் தொடங்குங்கள். பெற்றோரிடம் வழியையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிச் செல்லுங்கள். உங்கள் கூட்டத்தில் காற்றைத் தாங்க இயலாதவர் யார், விழுந்தால் அதிகம் இழப்பவர் யார் என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். அவருக்கேற்ப விரைவையும் இடைவெளியையும் அமைத்துக்கொண்டால், வாடை எவ்வளவு வீசினாலும் உங்கள் வரிசை அறுபடாது.