நோன்பாளிகளும் நீரிழிவு நோயும்

ஷஅபான் மாதம் பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் ரமளானுக்கான ஆயத்தங்கள் தொடங்கிவிடுகின்றன. கஞ்சிக்கு நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம், சர்பத் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஆனால் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் சர்க்கரை இருக்கிறதே, நோன்புக் காலத்தில் மாத்திரைகளை எவ்வாறு மாற்றிக்கொள்வது என்று மருத்துவரைக் கேட்டு வரும் வேலை மட்டும் அப்பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

நடப்பது என்ன? பெரியவர் தாமாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார். சிலர் காலை மாத்திரையை அடியோடு விட்டுவிடுகின்றனர். வேறு சிலரோ, ஒரு நாள் முழுவதற்குமான மாத்திரைகளை ஸஹர் வேளையிலேயே சேர்த்து விழுங்கிவிட்டு நிய்யத் வைத்துக்கொள்கின்றனர். மருத்துவரிடம் சொன்னால் நோன்பு கூடாது என்பார், எனவே சொல்லாதிருப்பதே நலம் என்பது அவர்களது எண்ணம். நோன்பைவிட இந்த மறைப்பே அதிக ஆபத்தானது.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கின்றனர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ஆம் ஆண்டு அறிவித்தது. நம் சமுதாயமும் இதற்கு விலக்கன்று. 2001-ஆம் ஆண்டு 13 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட நீரிழிவாளரிடம் நடத்தப்பெற்ற ஆய்வொன்றில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளோரில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் குறைந்தது 15 நாட்களாவது நோன்பு நோற்றது தெரியவந்தது. சர்க்கரை மிகவும் தாழ்ந்து மருத்துவமனையில் சேர்க்கப்படும் நிலை, மற்ற மாதங்களை நோக்க ரமளானில் அவர்களிடையே ஏழரை மடங்காக இருந்தது. இன்சுலின் இன்றி வாழ இயலாத முதல் வகையினரிடையே அது 4.7 மடங்கு.

இவ்வாறு ஏன் நேர்கிறது என்பதை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நாம் உண்ட உணவின் சர்க்கரையில் ஒரு பகுதி கல்லீரலில் சேமிக்கப்படுகிறது. வயிறு வெறுமையாக இருக்கும் நேரத்தில் கல்லீரல் அச்சேமிப்பைச் சிறிது சிறிதாக இரத்தத்தில் விடுகிறது. நலமுள்ளவரின் கணையம் அவ்வேளையில் இன்சுலின் சுரப்பைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே 13 அல்லது 14 மணி நேரப் பட்டினி அவரை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் கிளைபென்கிளமைடு, கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகள், உணவு வந்தாலும் வராவிட்டாலும் இன்சுலினைச் சுரக்குமாறு கணையத்தைத் தூண்டிக்கொண்டே இருக்கும். ஸஹரில் முழு அளவு விழுங்கியவருக்குச் சேமிப்பு தீர்ந்துபோகும் பிற்பகலில் சர்க்கரை சரியத் தொடங்குகிறது. இவற்றுள் கிளைபென்கிளமைடு நெடுநேரம் வேலை செய்வதால் அபாயம் கூடுதல். ஊசி மூலம் இன்சுலின் போடுவோருக்கும் இதே நிலைதான். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்வோருக்குச் சர்க்கரை தாழ்வது அரிது. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் டபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் உடலின் நீரையும் உடன் கொண்டுசெல்பவை என்பதால், கோடையில் வரும் ரமளானில் அவற்றைக் குறித்துத் தனியாகக் கேட்டறிய வேண்டும்.

மாற்றம் எவ்வாறு அமையும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம். காலை, மாலை என இருவேளை கலப்பு இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு, வழக்கமான காலை அளவை நோன்பு திறக்கும்போதும், மாலை அளவைக் கால் பங்கு முதல் பாதி வரை குறைத்து ஸஹரிலும் போடச் சொல்வது மருத்துவர்களின் வழக்கம். நாளுக்கு ஒருமுறை உட்கொள்ளும் கிளிமிபிரைடு நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றப்படும். இவை ஒரு கருத்துக்காகச் சொல்லப்பட்டவையே. ஒருவரது சிறுநீரகம், வயது, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஆகியவற்றைப் பார்த்து அளவை நிர்ணயிக்க வேண்டியவர் அவரது மருத்துவர்தான். அதற்காக அவரைக் காண வேண்டிய காலம் ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பு. பிறை பார்த்த இரவிலன்று! தமிழகத்தில் 2021-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அது பெரும் உதவிதான். ஆனால் மாத்திரை வாசலுக்கு வந்துவிடுவதாலேயே மருத்துவரைக் காணாமல் மாதங்களைக் கடத்துவோரும் உண்டு. அவர்கள் ரஜப் மாதத்திலேயே ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றுவருவது அவசியம்.

இனி, அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட அந்த நேரத்துக்கு வருவோம். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, காரணமற்ற எரிச்சல், கண் மங்கல், பேச்சில் தடுமாற்றம் ஆகியவை சர்க்கரை தாழ்வதன் அறிகுறிகள். இவற்றை நோன்புக் களைப்பு என்றே வீட்டார் எண்ணிவிடுகின்றனர். "இன்னும் அரை மணி நேரம்தானே, பொறுத்துக்கொள்கிறேன்" என்று பெரியவரும் சொல்லிவிடுவார். மூளை சர்க்கரையின்றித் தவிக்கும்போது அந்த அரை மணி நேரம் மிக நீண்டது. அட்டினலால் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளை உட்கொள்வோருக்குப் படபடப்பும் நடுக்கமும் வெளியே தெரியாமற் போகலாம்; வியர்வை ஒன்றே அடையாளமாக இருக்கக்கூடும் என்பதை வீட்டுப் பெண்மக்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

குளுக்கோமீட்டரில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால் நோன்பை அப்போதே முடித்துக்கொள்ள வேண்டும். 300-ஐத் தாண்டினாலும் அவ்வாறே. 70-க்கும் 90-க்கும் இடையில் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மீண்டும் பார்க்க வேண்டும். கருவி கைவசம் இல்லை, அறிகுறி இருக்கிறது என்றால் அளவைத் தேடிக்கொண்டிராமல் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்துவிடுக. கால் மணி நேரத்தில் தேறாவிட்டால் மீண்டும் ஒருமுறை. தேறிய பின் சிறிது உணவும் வேண்டும், ஏனெனில் மாத்திரையின் வேகம் தணியாதிருந்தால் சர்க்கரை மறுபடியும் தாழும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். புரையேறி மூச்சடைத்துவிடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

விரலில் குத்தி இரத்தம் பார்த்தால் நோன்பு முறிந்துவிடுமே என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. 1997-ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி இதை ஆராய்ந்து, பரிசோதனைக்காக இரத்தம் எடுப்பதோ, தோலிலும் தசையிலும் போடப்படும் மருந்தூசியோ நோன்பை முறிக்காது என்று தெளிவுபடுத்தியுள்ளது. உணவாகச் செலுத்தப்படும் திரவம் வேறு. எனவே லுஹருக்குப் பின் ஒருமுறை, அஸருக்குப் பின் ஒருமுறை, நோன்பு திறந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை என்று பார்த்துக் குறித்துவைக்கத் தயங்க வேண்டியதில்லை.

பகலில் தாழ்வது ஒரு புறமிருக்க, இரவில் ஏறுவது மறுபுறம். நோன்புக் கஞ்சியைக் குறை கூறுவதற்கில்லை. நீர்த்தன்மையும் பருப்பும் கொண்ட நல்லுணவு அது. ஒரு கோப்பையோடு நின்றால் போதும். அதனுடன் வடையும் சமோசாவும் சர்பத்தும் சேர்ந்து, தராவீஹுக்குப் பின் பரோட்டாவும் வரும்போதுதான் சர்க்கரை 300-ஐ எட்டுகிறது. பேரீச்சம்பழம் ஒன்றோ இரண்டோ போதும். தாகத்துக்குத் தண்ணீரைவிடச் சிறந்த பானம் இல்லை. இரவு பதினொரு மணிக்கே வயிறார உண்டு, ஸஹருக்கு எழாமல் உறங்கிவிடும் பழக்கம் நீரிழிவாளருக்கு முற்றிலும் ஆகாது. பட்டினியின் நேரம் அதனால் ஐந்தாறு மணி கூடிவிடுகிறது. ஸஹரைப் பிற்படுத்துவதும், நோன்பு திறப்பதை விரைவுபடுத்துவதும் நபிவழி. சர்க்கரை நோயாளிக்கு மருத்துவர் சொல்வதும் அதுவே.

முதல் வகை நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவர்கள், அண்மையில் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயங்கியவர்கள், தாழ்வதன் அறிகுறியே உணராதவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்வோர், இன்சுலின் போட்டுக்கொள்ளும் கர்ப்பிணிகள் ஆகியோர் நோன்பு நோற்பதை மருத்துவ வழிகாட்டிகள் ஒப்புவதில்லை. அல்பகரா அத்தியாயத்தின் 184, 185 ஆகிய வசனங்கள் நோயாளிக்கு அளித்துள்ள சலுகை இத்தகையோருக்கானது. பின்னர் உடல்நிலை சீராகும் என்று மருத்துவர் கருதினால், விடுபட்ட நோன்புகளை, பகல் குறுகிய கார்த்திகை, மார்கழி மாதங்களில் விட்டுவிட்டுக் களாச் செய்யலாம். இனி நோற்கவே இயலாது என்ற நிலையிலுள்ளோர், ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யாவின் அளவை ஊர் ஆலிமிடம் கேட்டறிந்து, ரமளானிலேயே கொடுத்துவிடலாம்.