மருதையாற்றுப் பாலம்

சென்னையிலிருந்து திருச்சிக்கு இரவு ரயிலில் போனால், அரியலூர் தாண்டியதும் எனக்கு விழிப்புத் தட்டிவிடும். அடுத்து மருதையாறு. பாலத்தில் ஏறியதும் சக்கரச் சத்தம் கனக்கும். சில நொடிகளில் பழையபடி ஆகிவிடும். பெட்டியில் ஒருவரும் புரண்டுகூடப் படுப்பதில்லை.

1956 நவம்பர் 23, விடிந்தும் விடியாத நேரம். அன்று இது மீட்டர் கேஜ் பாதை. வெள்ளம் அரித்திருந்த இடத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் கவிழ்ந்தது. 140 பேருக்கு மேல் மாண்டார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதே வருடம் மகபூப்நகர் விபத்தின்போதே கடிதம் கொடுத்தவர். நேரு அப்போது ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

இன்று அகலப் பாதை, மின்சார இன்ஜின். எங்கே ரயில் தடம் புரண்டாலும் அந்த ராஜினாமாவைப் பேசுகிறார்கள். கூடவே ஃபியட் கார் கதை: பிரதமராக இருந்தும் 5,000 ரூபாய் கடன் வாங்கித்தான் கார் வாங்கினார், அவர் மறைந்த பின் மனைவி லலிதா அம்மையார் பென்ஷன் பணத்தில் அந்தக் கடனை அடைத்தார். இரண்டும் பெரிய விஷயங்கள்தான். ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. 'எளிமையான மனிதர்' என்று கும்பிட்டுவிட்டு, அவர் ஆண்ட 19 மாதங்களை மறந்துவிட்டோம். பிறந்த நாளும் அக்டோபர் 2 என்பதால், காந்தி படத்துக்குப் போட்ட மாலையோடு அன்றைய நிகழ்ச்சி முடிந்துவிடுகிறது.

1964 ஜூனில், காமராஜர் கட்சிக்காரர்களைக் கலந்து பேசி இவரைப் பிரதமராக்கியபோது நாட்டில் தானியத் தட்டுப்பாடு. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து வயிறு கிடந்த காலம். சாஸ்திரி உணவு இலாகாவை சி. சுப்பிரமணியத்திடம் கொடுத்தார். விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைத்தால்தான் விளைச்சல் பெருகும் என்றார் சி.எஸ். எதிர்ப்புகள் வந்தன, சாஸ்திரி அவர் பக்கம் நின்றார். 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தொடங்கியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில். அமெரிக்கா கையை இறுக்கியபோது, திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விடுங்கள் என்று மக்களைக் கேட்டார். முதலில் தன் வீட்டில் அடுப்பு மூட்டாமல் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.

எங்கள் தெரு ரேஷன் கடையில் இன்று கைரேகை வைத்ததும் தராசுத் தட்டில் அரிசி விழுகிறது. பாட்டி ஒருத்தி பையின் வாயை விரித்துப் பிடித்தபடி, சிந்திய நாலு மணியையும் பொறுக்கிப் போட்டுக்கொள்கிறாள். பஞ்ச காலம் பார்த்த கை அது.

ஒன்றை மறைக்க மாட்டேன். 1965 மொழிப் போராட்டத்தில் தமிழ்நாட்டில் உயிர்கள் போன பிறகே சாஸ்திரி இறங்கி வந்தார். அந்தத் தாமதம் தவறு. ஆனால் சி.எஸ்ஸும் ஓ.வி. அழகேசனும் ராஜினாமா செய்த பிப்ரவரி 11 அன்று இரவே, ஆங்கிலம் தொடரும் என்று வானொலியில் நாட்டுக்கு வாக்குக் கொடுத்தார். பிடித்த பிடியை விட முடிந்த பிரதமர்.

மெக்சிகோ கோதுமை விதை வந்து இறங்கியதும் அவர் காலத்தில்தான். 1968 அறுவடையில், கொட்டி வைக்க இடமில்லாமல் வடக்கே பள்ளிக்கூடங்களை மூடி, வகுப்பறைகளில் கோதுமையைக் குவித்தார்கள். சாஸ்திரி தாஷ்கண்டில் கண்மூடி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.