பபிள்கம்முடன் வந்த அட்டைக்கு ரூ.100 கோடி! வரலாறு எழுதியவர் ஒரு பாக்டரி தொழிலாளி

அமெரிக்காவில் 2022-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு சின்ன அட்டை ஏலம் போனது. விலை எவ்வளவு தெரியுமா? 1 கோடியே 26 லட்சம் டாலர்! அன்றைய கணக்குப்படி நம் பணத்தில் சுமார் 100 கோடி ரூபாய்!

அந்த அட்டை தங்கம் அல்ல. வெள்ளியும் அல்ல. 1952-ம் ஆண்டு பபிள்கம் பாக்கெட்டுக்குள் பையன்களுக்காக வைத்துக் கொடுத்த பேஸ்பால் ஆட்டக்காரர் படம். மிக்கி மேன்டில் என்பது அவர் பெயர். அட்டையின் நம்பர் 311.

சில சென்ட் காசுக்கு மிட்டாய்க் கடையில் கிடைத்த சரக்கு அது. மென்று துப்பியபின் கம் குப்பைக்குப் போயிற்று. பாதி அட்டைகளும் கூடவே போயின. அப்படியானால் எந்த அட்டை எந்த வருஷம் வந்தது, மொத்தம் எத்தனை என்பதெல்லாம் இன்று எப்படித் தெரிகிறது?

அதைக் கண்டுபிடித்துக் கணக்கு எழுதி வைத்தவர் பெரிய பேராசிரியர் அல்ல, பணக்காரரும் அல்ல. மின்சார சாமான் தயாரிக்கும் பாக்டரியில் வேலை பார்த்த ஒரு தொழிலாளி!

சிகரெட்டில் ஆரம்பம்

இந்த அட்டைகள் முதலில் வந்தது பபிள்கம்மில் அல்ல, சிகரெட் பெட்டியில்! 1880-களில் அமெரிக்க சிகரெட் பெட்டிகள் மெல்லிய காகிதத்தில் இருந்தன. சிகரெட் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு அட்டை வைத்தார்கள். அட்டை வெறுமனே இருப்பானேன் என்று படம் அச்சடித்தார்கள். நடிகைகள், ஆட்டக்காரர்கள், பறவைகள், கொடிகள் என்று விதவிதமாக வந்தன. அப்பாவின் பெட்டி எப்போது காலியாகும் என்று பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

1909 முதல் 1911 வரை வந்த சிகரெட் அட்டைகளில் ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் படமும் உண்டு. ஆனால் அது பாதியிலேயே நிறுத்தப்பட்டது. "பிள்ளைகள் தன் படத்துக்காக சிகரெட் வாங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை" என்பார்கள் சிலர். "பணம் கொடுக்காததுதான் காரணம்" என்பார்கள் வேறு சிலர். எப்படியோ, சில டஜன் அட்டைகளே இன்று மிஞ்சி இருக்கின்றன.

கணக்கர் செய்த கம்

பபிள்கம் பிறந்த கதை தனி. பிலடெல்பியா நகரில் பிளீர் கம்பெனியில் வால்டர் டீமர் என்று ஒரு கணக்கர் இருந்தார். கணக்கு எழுத வந்தவர், ஓய்வு நேரத்தில் கம் கலவை செய்து பார்த்தார். 1928-ம் ஆண்டு அது பலித்தது. ஊதினால் குமிழ் வந்தது, முகத்தில் ஒட்டவில்லை. அன்று கைக்கெட்டிய ஒரே சாயம் ரோஸ் கலர். அதைக் கலந்தார். அதனால்தான் பபிள்கம் இன்றைக்கும் ரோஸ் நிறம்! கம்பெனி கொழித்தது. டீமருக்கு ராயல்டி எதுவும் கிடைக்கவில்லை.

அடுத்து அமெரிக்காவில் பெரும் பஞ்சம். வேலை இல்லை, காசு இல்லை. பையன் கையில் இருக்கும் ஒரு சென்ட்டை யார் பிடுங்குவது என்று கம்பெனிகளுக்குள் போட்டி. கம்மோடு ஒரு படமும் இனாம் என்றார்கள். ஜெயித்துவிட்டார்கள்!

106-ம் நம்பர் எங்கே?

பாஸ்டன் நகரின் கவுடி கம்பெனி 1933-ல் பேஸ்பால் அட்டைகள் போட்டது. நம்பர் 1 முதல் 240 வரை. பேப் ரூத் என்ற மாபெரும் வீரருக்கு மட்டும் 4 அட்டைகள். எல்லா நம்பரும் சேர்க்க வேண்டும் என்று பையன்கள் வாங்கினார்கள், வாங்கினார்கள், வாங்கிக்கொண்டே இருந்தார்கள். 105 கிடைத்தது. 107 கிடைத்தது. 106 மட்டும் யாருக்கும் கிடைக்கவில்லை!

கிடைக்காததில் ஆச்சரியம் இல்லை. ஏனென்றால் அந்த வருஷம் 106-ஐ விற்பனைக்கு விடவே இல்லை! பையன்களைத் தொடர்ந்து வாங்க வைக்கச் செய்த தந்திரம் இது என்பதே அட்டை சேகரிப்போரின் பொதுவான கருத்து.

விடுவார்களா? கம்பெனிக்குக் கடிதம் போட்டார்கள். கடைசியில் 1934-ல் 106-ம் நம்பர் அட்டையை அச்சடித்து, கேட்டு எழுதியவர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். அதில் இருந்தவர் நெப்போலியன் லாஜோய் என்ற பழைய ஆட்டக்காரர். இன்று அந்த வரிசையிலேயே அரிய அட்டை அதுதான்.

1938-ல் பிலடெல்பியாவின் 'கம் இன்கார்ப்பரேட்டட்' கம்பெனி யுத்தப் படங்களையே அட்டையாகப் போட்டது. சீனா மீது ஜப்பான் போட்ட குண்டு, ஸ்பெயின் உள்நாட்டுப் போர், எத்தியோப்பியா என்று மொத்தம் 288 படங்கள். "யுத்தத்தின் கொடூரம் தெரிந்தால்தான் சமாதானம் வேண்டும் என்று தோன்றும்" என்பது கம்பெனி சொன்ன நியாயம். ரத்தம் சொட்டும் படங்களை மிட்டாய்க் கடையில் வாங்கினார்கள் பிள்ளைகள். பிறகு அமெரிக்காவுக்கே யுத்தம் வந்தது. காகிதத்துக்கும் சர்க்கரைக்கும் தட்டுப்பாடு. அட்டைகள் நின்றன. பழைய அட்டைகளும் யுத்த நிதிக் காகிதத்தோடு எடைக்குப் போயின.

வலியோடு ஒரு வேலை

இந்தக் குப்பையைப் பொக்கிஷம் என்று நினைத்தவர்தான் ஜெபர்சன் பர்டிக். 1900-ல் பிறந்தவர். நியூயார்க் மாநிலத்தில் சிராக்கியூஸ் ஊர்க்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நடுத்தர வயது வருமுன்பே மூட்டுவாதம் அவரைப் பிடித்தது. விரல்கள் மடங்கின. நடப்பதே கஷ்டம். பேஸ்பால் பைத்தியமா என்றால் அதுவும் இல்லை. ஒரு மேட்ச்கூடப் போய்ப் பார்த்ததில்லை என்று சொல்வார்கள்!

அவருக்கு வேண்டியது ஒன்றே. என்னென்ன அச்சாயிற்று என்று ஒரு பட்டியல்.

சுலபமான வேலையா அது? பல அட்டைகளில் தேதி கிடையாது. சிலவற்றில் நம்பரும் கிடையாது. கம்பெனியே மூடிப்போயிருக்கும். ஆட்டக்காரர் எந்த வருஷம் எந்த டீமில் இருந்தார் என்று பார்த்து வருஷத்தைப் பிடிக்கவேண்டும். ஒருவரிடம் 17-ம் நம்பர் இருக்கும். இன்னொருவரிடம் 42 இருக்கும். எல்லோரையும் கடிதத்தால் இணைத்தால்தான் முழு வரிசை தெரியும்.

அதைச் செய்தார் பர்டிக். 1937-ல் சேகரிப்போருக்காக ஒரு சிறு பத்திரிகை ஆரம்பித்தார். 1939-ல் முதல் கேட்லாக்கை வெளியிட்டார். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு எழுத்து, ஒரு எண். 19-ம் நூற்றாண்டு சிகரெட் அட்டை என்றால் 'என்'. 20-ம் நூற்றாண்டு என்றால் 'டி'. 1930-க்குப் பிந்தைய மிட்டாய், கம் அட்டை என்றால் 'ஆர்'. வாக்னர் அட்டை வந்த வரிசை 'டி 206'. கவுடி 1933 வரிசை 'ஆர் 319'. இன்றைக்கும் கோடிக்கணக்கில் ஏலம் விடுகிறவர்கள் அந்தத் தொழிலாளி வைத்த பெயரைத்தான் சொல்கிறார்கள்!

15 வருஷம் ஒட்டினார்

1947-ல் தன் சேகரிப்பு முழுவதையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்கு இனாமாகத் தருவதாகச் சொன்னார். 3 லட்சத்துக்கும் மேற்பட்ட காகிதங்கள். அவற்றில் பேஸ்பால் அட்டைகள் மட்டும் சுமார் 30 ஆயிரம். மியூசியம் சம்மதித்தது. ஒழுங்குபடுத்தி ஒட்டும் வேலை மட்டும் அவர் தலையில்!

மடங்கிய விரல்களால் ஒவ்வொன்றாக எடுத்து ஆல்பத்தில் ஒட்டினார். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. சுமார் 15 வருஷம். வலிக்கு மருந்து ஒரு பக்கம், பசை டப்பா மறுபக்கம்.

1963-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி கடைசி அட்டையையும் ஒட்டி முடித்தார். இனி வரமாட்டேன் என்று மியூசிய ஊழியர்களிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். மார்ச் 13-ந் தேதி உயிர் பிரிந்தது.

கடலில் கொட்டினார்கள்

அதற்கு 3 வருஷம் முன்பு நடந்த இன்னொரு சம்பவத்தையும் பாருங்கள். புரூக்ளின் நகரின் டாப்ஸ் கம்பெனி 1952-ல் 407 அட்டைகள் கொண்ட வரிசையை வெளியிட்டது. வடிவமைத்தவர்களில் ஒருவர் சை பெர்கர் என்ற ஊழியர். வீட்டு சமையல்கட்டு மேஜையில் உட்கார்ந்து வேலையை முடித்தார்! கடைசிப் பகுதி அட்டைகள் தாமதமாக வந்தன. ஆட்ட சீசன் முடிகிற நேரம். வாங்க ஆள் இல்லை.

பல வருஷம் கிடங்கை அடைத்துக்கொண்டு கிடந்தன. 1960-ல் பெர்கரே அவற்றைப் பெட்டி பெட்டியாகப் படகில் ஏற்றி, அட்லாண்டிக் கடலில் கொண்டுபோய்த் தள்ளினார். பிற்பாடு இதை அவரே சொன்னார். தள்ளிய பகுதியில்தான் இருந்தது மிக்கி மேன்டில் அட்டை, நம்பர் 311!

கம்பெனி ஊழியர் ஒரு பக்கம் கடலில் கொட்டிக்கொண்டிருந்தார். பாக்டரித் தொழிலாளி மறுபக்கம் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தார்.

1990-களின் ஆரம்பத்தில் டாப்ஸ் கம்பெனி பேஸ்பால் பாக்கெட்டில் கம் வைப்பதையே நிறுத்திவிட்டது. கம் பட்டு அட்டையில் கறை படிகிறது என்று வாங்குபவர்கள் முகம் சுளித்ததுதான் காரணம். அட்டையை விற்பதற்கு கம் வேண்டாம் என்றாகிவிட்டது.

வாக்னர் அட்டைக்கு பர்டிக் தன் கேட்லாக்கில் போட்ட விலை 50 டாலர். வேறு எந்த அட்டைக்கும் அவ்வளவு விலை போடவில்லை. 2022-ல் அதே வாக்னர் அட்டை ஒன்று 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போனது. பர்டிக் கொடுத்த சேகரிப்பிலும் ஒரு வாக்னர் உண்டு. அது மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது. எத்தனை கோடி கொடுத்தாலும் விலைக்குக் கிடைக்காது.